படத்துக்குக் கீழே ஒரு பெயர்

ஆடிப் பதினெட்டு காவிரிக்கரைக்காரர்களுக்கு ஆற்றுத் திருவிழா. சிவகாசியில் அன்றைக்குத்தான் அடுத்த வருஷத்துக் காலண்டர் பிறக்கிறது. பூஜை போட்டு ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை என்று ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். முருகன் எத்தனை, லட்சுமி எத்தனை, இயற்கைக் காட்சி எத்தனை என்று கணக்கு வந்ததும் மிஷின்கள் ஓட ஆரம்பிக்கும். அந்த ஆல்பத்துக்குள் இருக்கும் படங்களை அச்சுக்குத் தயார் செய்வதுதான் என் தொழில். தகட்டில் வரைந்தேன், ஃபிலிமில் திருத்தினேன், கணினியில் ஒட்டினேன். இப்போது செயற்கை நுண்ணறிவு போட்டுக்கொடுக்கும் படத்தைச் சரிபார்க்கிறேன்.

இந்த ஊருக்கு அச்சுத்தொழில் வந்ததே தீப்பெட்டியால்தான். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, மறு வருஷம் திரும்பி வந்து இங்கே தொடங்கினார்கள். பிறகு பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்குச் சுற்றுத்தாள் வேண்டும். அந்தத் தேவையில்தான் கல்லில் அச்சடிக்கும் லித்தோ அச்சகங்கள் வளர்ந்தன. மழை குறைந்த வறண்ட பூமி. மருந்து காய்வதற்கு உதவிய வெயில், மை காய்வதற்கும் உதவியது. லேபிள் அடித்துப் பழகிய மிஷின்தான் பின்னால் சாமி படத்தையும் அடித்தது.

படம் வரைய ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை இளைஞர்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன். சினிமா வளர வளர நாடகக் கம்பெனிகள் நலிந்தன. நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதிய ஓவியர்கள் வேறு வேலை தேடினார்கள். அப்படி ஒரு நாடகக் கம்பெனியோடு வந்து 1940-களில் கோவில்பட்டியில் தங்கியவர் சி. கொண்டையராஜு. அவரும் டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் போன்ற அவருடைய சீடர்களும் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தென்னாட்டு வீடுகளின் பூஜை அறைகளுக்குப் போயின. ஒரு புதிய இயந்திரம் பிழைப்பைப் பறித்தது, இன்னொரு இயந்திரம் பிழைப்பைக் கொடுத்தது. என் தொழிலின் வரலாறு முழுக்க இதுதான்.

நான் ஓர் அச்சகத்தின் ஆர்ட் செக்‌ஷனில் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். கல்லில் அச்சடித்த காலம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. லித்தோவுக்கு உகந்த சுண்ணாம்புக்கல் ஜெர்மனியின் பவேரியாவில் கிடைத்தது. அப்படிப்பட்ட கற்கள் சில, அச்சகத்தின் பின்புறம் கைகால் கழுவும் இடத்தில் பதிக்கப்பட்டிருந்தன. மூத்த ஆர்ட்டிஸ்டுகள் கல்லில் பழகியவர்கள். கல்லில் எழுதுவது தாளில் திரும்பி விழும் என்பதால், ‘பாதுகாப்புத் தீக்குச்சிகள்’ என்ற வரியைக் கண்ணாடியில் தெரிவதுபோல் வலமிருந்து இடமாக, நிறுத்தாமல் எழுதுவார்கள். ஆஃப்செட் வந்த பிறகு அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று. ஆனாலும் சாயங்காலம் டீ வரும் நேரத்தில் எங்களுக்கு எழுதிக் காட்டுவார்கள்.

எங்கள் காலத்தில் சிங்க் தகடு. தகட்டின் மேல் கோலிக்குண்டுகளையும் மணலையும் தண்ணீரையும் போட்டு ஆட்டி, அதன் முகத்தைச் சொரசொரப்பாக்குவார்கள். அதற்குக் கிரெயினிங் என்று பெயர். மையைப் பிடிக்கும் கொழுப்பு மசியால் அந்தத் தகட்டில் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு தகடு போதாது. மூலப் படத்தை எதிரே வைத்துக்கொண்டு, அதில் மஞ்சள் எங்கே, வெளிர் ரோஸ் எங்கே, அடர் ரோஸ் எங்கே, நீலம் எங்கே, சாம்பல் எங்கே என்று மனதுக்குள் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தகடு எழுதுவோம். நல்ல படத்துக்கு எட்டு வண்ணம்கூடப் போகும். தகட்டில் எழுதும்போது எல்லாமே கறுப்புத்தான். மஞ்சள் தகடும் கறுப்பு, ரோஸ் தகடும் கறுப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக அச்சு விழுந்த பிறகு லட்சுமியின் கன்னம் என்ன நிறத்தில் இருக்கும் என்பது ஆர்ட்டிஸ்டின் மனதில் மட்டும் இருந்தது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரை வாத்தியார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். முதல் ஆறு மாதம் பூவும் புடவைக் கரையும் மட்டுமே எனக்குக் கொடுத்தார். முகத்தைத் தொட விடவில்லை. ஒருநாள் நானாகக் கேட்டேன்.

“வாத்தியாரே, முகத்தை எப்ப எழுதலாம்?”

“தம்பி, புடவை தப்பினா கடைக்காரன் திட்டுவான். முகம் தப்பினா அந்த வீட்டுல ஒரு வருஷம் யாரும் கும்பிட மாட்டாங்க. மொதல்ல நாலு கோயிலுக்குப் போய் அம்பாள் முகத்தைப் பாத்துட்டு வா.”

போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகும் அவர் என்னிடம் கேட்டது வண்ணத்தைப் பற்றி இல்லை. எந்தக் கையில் என்ன இருந்தது, புடவைக் கொசுவம் எந்தப் பக்கம் விழுந்தது, பார்வை எங்கே நின்றது என்றெல்லாம் கேட்டார். கும்பிடுகிறவர் எங்கே நின்றாலும் சாமியின் கண் அவரைப் பார்க்க வேண்டும். முகத்தில் கறுப்புப் புள்ளி கூடாது, நிழலைக்கூட ரோஸிலும் சாம்பலிலும்தான் கொண்டுவர வேண்டும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்காத விதிகள். பக்கத்தில் உட்கார்ந்துதான் வாங்கிக்கொள்ள முடியும்.

எண்பதுகளில் பிராசஸ் கேமரா எங்கள் வேலையை மாற்றியது. அறை அளவுக்குப் பெரிய கேமரா. நீல ஃபில்டர் போட்டு எடுத்தால் மஞ்சளுக்கான நெகட்டிவ், பச்சை ஃபில்டருக்கு மெஜந்தா, சிவப்பு ஃபில்டருக்குச் சயான். கறுப்பு தனி. ஸ்கிரீன் புள்ளியைக் கேமராவே போட்டுவிடும். எட்டுத் தகடு எழுதிய கைகளுக்கு நாலு ஃபிலிம் வந்து சேர்ந்தது. இனி ஆர்ட்டிஸ்ட் எதற்கு என்று பேச்சு கிளம்பியது. தகடு எழுதிய பலர் அந்த இரண்டு மூன்று வருஷத்தில் தொழிலை விட்டுப் போனார்கள். சிலர் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பக்கம் போனார்கள், சிலர் சுவர் விளம்பரம் எழுதப் போனார்கள்.

ஆனால் கேமராவுக்கும் ஆர்ட்டிஸ்ட் வேண்டியிருந்தார். மைகள் சுத்தமானவை அல்ல. கேமரா பிரித்ததை அப்படியே அச்சடித்தால் முகம் அழுக்காக வரும். கிருஷ்ணனின் நீலம் ஊதாவாகிவிடும். சயானோடு மெஜந்தா கொஞ்சம் கூடினாலே போதும், நீலமேனி கத்திரிக்காய் நிறமாகிவிடும். அதனால் விளக்குப் பெட்டியின் மேல் ஃபிலிமை வைத்து, ரிடியூசர் கரைசலைத் தூரிகையில் தொட்டு, மெஜந்தாப் புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்போம். ஒரு நொடி அதிகம் விட்டால் புள்ளியே போய்விடும். உடனே தண்ணீரில் அலச வேண்டும். கண்ணில் லென்ஸ், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, வாயில் பேச்சே இருக்காது. வாத்தியார் தகட்டில் சொன்ன விதிகளைத்தான் நான் ஃபிலிமில் செய்தேன். கருவி மாறியது, விதி மாறவில்லை.

பிறகு டிரம் ஸ்கேனர். உருளையில் சுற்றி ஒளி பாய்ச்சிப் படிக்கும் இயந்திரம் அது. அட்டையில் எழுதிய ஓவியத்தை உருளையில் வளைக்க முடியாது. ஆகவே ஓவியத்தைப் பெரிய டிரான்ஸ்பரன்சியாகப் போட்டோ எடுத்து, அதை ஸ்கேன் செய்தார்கள். கேட்கச் சின்ன விஷயம்தான். ஓவியர்களுக்கு இதனால் வந்த நஷ்டம் பெரிது. அதுவரை படம் வேண்டுமென்றால் ஓவியத்தை எடுக்க வேண்டும், ஓவியம் பழசானால் புதிதாக எழுதச் சொல்ல வேண்டும். டிரான்ஸ்பரன்சி பெட்டிக்குள் வந்த பிறகு, ஒருமுறை பணம் கொடுத்து வாங்கிய முருகனை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று.

தொண்ணூறுகளில் பேஜ்மேக்கர், கோரல் டிரா, ஃபோட்டோஷாப் எல்லாம் அடுத்தடுத்து எங்கள் ஊருக்கு வந்தன. கணினி வந்ததால்தான் வெட்டி ஒட்டும் பழக்கம் வந்தது என்று இப்போது சொல்கிறார்கள். அது சரியில்லை. கத்தரிக்கோலும் பசையும் வைத்து ஒரு படத்தின் தலையை இன்னொரு படத்தின் உடலில் ஒட்டி, விளிம்பை ஏர்பிரஷால் மறைப்பது எங்களுக்குப் பழைய வேலை. ஆனால் கையால் ஒட்டினால் விளிம்பு தெரியும், அதை மறைக்க ஓவியம் தெரிந்தவர் வேண்டும். கணினியில் விளிம்பு தெரியாமல் போனது. ஓவியம் தெரியாதவரும் ஒட்டலாம் என்ற நிலை அன்றைக்குத்தான் பிறந்தது.

அதன் விளைவை ஒரு நடராஜர் படத்தில் பார்த்தேன். கடை விளம்பரத்துக்கு இடப்பக்கம் இடம் வேண்டும் என்று, ஒரு பையன் படத்தை அப்படியே வலமிடமாகத் திருப்பிவிட்டான். மவுஸில் ஒரு தட்டு. தூக்கிய இடக்கால் வலக்கால் ஆயிற்று. உடுக்கையும் தீயும் கை மாறின. பூணூல் தோள் மாறியது. ப்ரூஃபில் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கால் மட்டும் மாறியிருந்தால் மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடிய நடராஜர் என்று ஒருவர் நினைத்துக்கொள்ளலாம். பூணூல் தோள் மாறுவது பித்ரு காரியத்துக்கு. அதை நல்ல நாளில் யார் வீட்டில் மாட்டுவார்கள்? அந்தப் பையன் கெட்டிக்காரன். ஃபோட்டோஷாப்பில் என்னைவிட வேகம். யாரும் அவனை நாலு கோயிலுக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

தகடு நேரடியாகக் கணினியிலிருந்தே வரும் சிடிபி வந்ததும் ஃபிலிம் ஒழிந்தது. பழைய ஃபிலிம்களையும் ஹைப்போக் கரைசலையும் வெள்ளி பிரித்தெடுப்பதற்காக எடைக்கு வாங்கிப் போனார்கள். எங்கள் திருத்தங்கள் எல்லாம் அந்த மூட்டைகளில் போயின. ஃபிளெக்ஸ் பேனர் வந்த பிறகு, விருதுநகரிலும் சாத்தூரிலும் சுவரும் பேனரும் எழுதியவர்களின் வேலையும் போயிற்று. தகடு எழுதுவதை விட்டுச் சுவருக்குப் போனவர்களுக்கு இரண்டாவது அடி அது.

2022-க்குப் பிறகு வந்தது செயற்கை நுண்ணறிவு. மிட்ஜர்னி போன்ற செயலிகளில் நாலு வரி எழுதினால் நாலு முருகன் வருகிறார். இப்போது வாடிக்கையாளர்கள் வாட்ஸப்பில் படத்தை அனுப்பிவிட்டு, “அண்ணாச்சி, இதையே காலண்டருக்குப் போட்டுருங்க” என்கிறார்கள். திரையில் பளபளக்கும் படம். அச்சுக்கு எடுத்தால் இரண்டு சிக்கல். அப்படி வரும் படம் பெரும்பாலும் 1024 புள்ளி அகலம்தான் இருக்கும். அச்சுத் தரத்தில் அது மூன்றரை அங்குலத்துக்குக்கூடப் போதாது. 15 அங்குல அகலத்துக்கு 4500 புள்ளி வேண்டும். பெரிதாக்கும் மென்பொருளிடம் கொடுத்தால், இல்லாத மணியையும் முத்தையும் அதுவாகவே கோத்துவிடும். இரண்டாவது, திரையின் நீலம் ஒளி, தாளின் நீலம் மை. அந்த ஜொலிப்பு நாலு மையில் வராது. எண்பதுகளில் கிருஷ்ணனின் மேனியில் நான் போராடிய அதே நீலம் மறுபடியும் என் முன்னால் வந்து நிற்கிறது.

பெரிய சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் எங்கள் மாவட்டம். அந்த ஊர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு ஆண்டாள் படம் கேட்டார்கள். டிசைனர் பெண் செயலியில் செய்து அனுப்பியிருந்தாள். அழகான முகம், நல்ல ஒளி. கிளி வலக்கையில் இருந்தது. கொண்டை நடு உச்சியில் இருந்தது. பின்னால் தெரிந்த கோபுரம் வடநாட்டுக் கோயிலின் சிகரம்.

“ஏம்மா, இது யாரு?”

“ஆண்டாள் சார். கிளி இருக்கே.”

“கிளி எந்தக் கையில இருக்கு?”

அவள் திரையைப் பார்த்தாள், பிறகு தன் கைகளைப் பார்த்தாள். ஆண்டாளுக்குக் கிளி இடக்கையில். வலக்கையில் கிளி என்றால் மீனாட்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கிளியைத் தினமும் புதிதாக இலைகளால் கட்டுகிறார்கள், அலகுக்கு மாதுளம்பூ வைக்கிறார்கள். ஊர்க் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அந்தப் பெண்ணிடம் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் அவளையே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்வரச் சொன்னேன். திரும்பி வந்தவள், பேனாவைத் தொடுதிரையில் வைத்துக் கொண்டையைச் சாய்த்தாள், கிளியை மாற்றினாள், ராஜகோபுரத்தை எழுதினாள். செயலி ஒரு நிமிஷத்தில் கொடுத்த படத்துக்கு அவள் இரண்டு நாள் வேலை செய்தாள். ஆல்பத்தில் அதுதான் நின்றது.

இந்தச் செயலிகள் எங்கிருந்து கற்றன? ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற செயலியைப் பழக்கப் பயன்பட்ட லயன்-5பி என்னும் தொகுப்பு, இணையத்தில் கிடந்த சுமார் 585 கோடிப் படங்களைத் திரட்டிய பட்டியல். எந்தப் படத்தில் யார் உழைப்பு என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. இணையத்தில் அதிகம் கிடக்கும் தெய்வ முகம் எதுவோ அதையே செயலி திருப்பித் தருகிறது. அதனால்தான் முருகன் இப்போது உடற்பயிற்சிக்கூடத்து உடம்போடு வருகிறார். கோவில்பட்டி ஓவியர்களின் முருகன் பிள்ளை உடம்பு, சதைப்பிடிப்பு, சாந்தம். அந்தச் சாந்தம் தற்செயலாக வந்ததில்லை. வீட்டில் தினமும் கும்பிடும் படத்துக்கு எது வேண்டும் என்று யோசித்து எடுத்த முடிவு.

புதிய கருவிகள் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். முன்பு ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். எங்கோ கண்மாய்க்கரையில் இருக்கும் ஒரு குலசாமிக்குப் படம் போட எந்த அச்சகமும் முன்வராது. இன்று டிஜிட்டல் அச்சில் நூறு பிரதிகூட எடுக்கலாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு பங்காளிக் கூட்டம் தங்கள் குலதெய்வத்தைப் போனில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மழையில் முகம் தேய்ந்த சுதைச் சிலை. செயலியில் எத்தனை விதமாக எழுதிக் கேட்டாலும் பெரிய கோயில் அம்மனையே கொடுத்தது, ஏனென்றால் அந்தச் சாமிக்கு இணையத்தில் ஒரு படமும் இல்லை. வீட்டின் மூத்த பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, “கண்ணு இன்னும் பெருசு தம்பி, நாக்கு வெளிய தெரியாது” என்று அவர் சொல்லச் சொல்லத் தொடுதிரையில் வரைந்தேன். தகட்டில் எழுதிய காலத்தில் இந்த வேலை என்னைத் தேடி வந்திருக்காது. கணினி இல்லாமல் இப்படி ஒரு படம் அவர்கள் வீட்டுச் சுவருக்குப் போயிருக்காது.

இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது ஒன்று. ஒவ்வொரு இயந்திரமும் கையின் வேலையை எடுத்துக்கொண்டது. இது சரியா தப்பா என்று சொல்லும் வேலையை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கும் இடம் ஒவ்வொரு முறையும் சுருங்கியது. தகடு எழுதும்போது பத்துப் பேர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றார்கள். இப்போது ஒரு பெண், ஒரு கணினி, ஒரு அறை. அவளுக்குத் தப்பைக் காட்ட யார் இருக்கிறார்கள்? அச்சகங்கள் மிஷினுக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கின்றன. டிசைனர்களைக் கோயில்களுக்கும் பழைய ஓவியர்களின் வீடுகளுக்கும் அனுப்ப அதில் ஒரு துளி போதும்.

இன்னொன்று, பெயர். கொண்டையராஜு காலத்துப் படங்களில் மூலையில் கையெழுத்து இருக்கும். ஸ்கேனரும் கணினியும் வந்து படங்கள் கலக்கத் தொடங்கியதும் அந்தக் கையெழுத்துகளை முதலில் அழித்தோம். கலவைப் படத்துக்கு யார் பெயரைப் போடுவது என்று விட்டுவிட்டோம். இப்போது செயலி செய்யும் படத்துக்குப் பொறுப்பாளி என்று ஒருவருமே இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. எங்கள் ஓவியர்களில் பலருக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது.

அச்சக முதலாளிமார்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் அலமாரிகளில் மிச்சமிருக்கும் மூல ஓவியங்களை எழுதியவர் பெயரோடு ஸ்கேன் செய்து வையுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் இப்போதே கேளுங்கள். காலண்டரின் கீழ்மூலையில் அச்சகத்தின் பெயரும் ஊரும் போடுகிறீர்கள். அதன் பக்கத்தில் இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது. படத்தை எழுதியவரோ திருத்தியவரோ, அவர் பெயரை அங்கே போடுங்கள். தன் பெயர் போகும் படத்தில் கிளி எந்தக் கையில் இருக்கிறது என்று எவரும் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பார்கள்.